புரதப் பீக் பிந்துது, மார்க்கரும் பிந்துது: இது பிணைப்புத்தானா?

ஆய்வு மாணவி, மட்டக்களப்பு

வணக்கம். மாட்டுக் காபோனிக் அன்ஹைட்ரேஸ் எண்ட நொதியோட 4-காபொக்சிபென்சீன்சல்போனமைட்டு எவ்வளவு இறுக்கமாப் பிணையுது எண்டு கேபிலரி எலெக்ட்ரோபோரசிஸில (மெல்லிய குழாய்க்குள்ள மின்புலத்தால மூலக்கூறுகளை ஓடவிட்டுப் பிரிக்கிற முறை) பார்க்கிறன். பூச்சில்லாத சிலிக்காக் குழாய், 47 சென்ரிமீற்றர், டிடெக்டர் வரை 40. வோல்ற்றளவு 15 கிலோவோல்ற். பஃபர் 25 மில்லிமோலர் டிரிஸ், 192 மில்லிமோலர் கிளைசீன், பிஎச் 8.3. லிகண்ட் (பிணையிற சல்போனமைட்டு) பஃபருக்குள்ள, புரதத்தை இன்ஜெக்ட் பண்ணுறன்.

லிகண்ட் கூடக் கூடப் புரதப் பீக் பிந்தி வருது. அது சரி. ஆனா நடுநிலை மார்க்கராப் (ஏற்றமில்லாம, குழாய்க்குள்ள ஓடுற ஓட்டத்தோட மட்டும் போறது) போட்ட மெசிட்டைல் ஒக்சைட்டும் பிந்துதே! காலையில பூச்சியத்தில தொடங்கி, படிப்படியாக் கூட்டி, பின்னேரம் கடைசிச் செறிவை ஓட்டுறன். நேரத்தைச் செறிவுக்கு எதிரா வரைஞ்சா வளைவு வடிவா வருது, கேடி (பிணைப்பின் இறுக்கத்தைச் சொல்லுற பிரிகை மாறிலி) மட்டும் கிழமைக்குக் கிழமை வேற. எதை நம்பிறது?

நிந்தவூரிலிருந்து

தங்கச்சி, நேரத்தை வரையாதீங்க, அசைவை (ஓரலகு மின்புலத்துக்குப் புரதம் தானா நகருற வேகம்) வரையுங்க. மார்க்கர் 4.00 நிமிசம், புரதம் 5.00 எண்டு வைங்க. 1/4 இலிருந்து 1/5 ஐக் கழிச்சா 0.05. பின்னேரம் மார்க்கர் 4.40, புரதம் 5.64. கழிச்சுப் பாருங்க, அதே 0.05! புரதம் அரை நிமிசத்துக்கு மேல பிந்தியும் பிணைப்பில ஒண்டும் நடக்கல்ல. குழாய்க்குள்ள மொத்தமா ஓடுற ஓட்டம்தான் குறைஞ்சிருக்கு. (அசைவாக்க, அந்த வித்தியாசத்தை ரெண்டு நீளத்தாலயும் பெருக்கி வோல்ற்றளவால வகுங்க.)

மைக்ரோமோலர் அளவு லிகண்ட் அந்த ஓட்டத்தைக் குறைக்காது. சுவரில புரதம் ஒட்டுதா எண்டு பாருங்க. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன்னால 0.1 மோலர் சோடியம் ஐதரொட்சைட்டால கழுவி, பிறகு பஃபர் விடுங்க. ரெண்டு குப்பியிலயும் பஃபரை அடிக்கடி மாத்துங்க, மின்பகுப்பால பிஎச் நகரும்.

அதைவிட முக்கியம், செறிவை ஏறுவரிசையில ஓட்டாதீங்க. நாள் முழுக்க நடக்கிற நகர்வெல்லாம் செறிவோட சேர்ந்து ஏறும், பிணைப்பு மாதிரியே நடிக்கும். கலைச்சுப் போட்டு ஓட்டுங்க, இடையிடையே லிகண்ட் இல்லாத ஓட்டமும் வையுங்க.

கல்முனை, ஓய்வுபெற்ற விரிவுரையாளர்

நானா சொன்னது சரி, ஆனா மார்க்கரைக் கழிச்சா ஓட்டம்தான் கழியும், பாகுநிலை கழியாது. நீரின் பாகுநிலை ஒரு பாகைக்கு ஏறத்தாழ 2 சதவீதம் குறையும். கச்சான் காத்து அடிக்கிற மாசத்தில ஏசி நிண்டா அறை எப்படி இருக்குமெண்டு உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. குழாயை வச்சிருக்கிற கசெற்றுக்கு வெளியே நிற்கிற குழாய் நுனிகளுக்குக் குளிர்த்தி கிடையாது. சாம்பிளோட குதிரை மயோகுளோபினும் கொஞ்சம் போடுங்க. அது சல்போனமைட்டைப் பிடிக்காது, அதனால அன்ஹைட்ரேஸின் அசைவை அதன் அசைவால வகுத்தா பாகுநிலை விழுந்துடும். வெப்பநிலையோட கேடியே மாறுறதை மட்டும் எந்தக் கணக்காலும் திருத்த ஏலாது மகள்.

இன்னொரு சோதனை. சல்போனமைட்டு நைதரசன் நொதியின் துத்தநாகத்தில போய் உட்காரும், காபொக்சிலேற்று ஒரு எதிரேற்றத்தைக் கூட்டும். அதுக்கு மேல கூட்ட இடமில்லை. ஆகவே வளைவு ஒரு மட்டத்தில நிக்கணும். நிக்காம ஏறிக்கொண்டே போனா அது பிணைப்பில்லை. ஏற்றமில்லாத சல்போனமைட்டு பிணைஞ்சாலும் பீக் அசையாது, அதையும் கட்டுப்பாடா ஓட்டலாம். ஹார்வர்டில வேதியியலாளர் ஜோர்ஜ் வைட்சைட்ஸின் குழு 1990களின் தொடக்கத்தில இந்த முறைக்கு இதே நொதியைத்தான் எடுத்தது.

ஆய்வு மாணவி, மட்டக்களப்பு

நன்றி நானா, நன்றி சேர். பழைய தரவை அசைவாக்கிப் பார்த்தன். நகர்வில பெரும்பகுதி மார்க்கரோட போயிட்டு, மிச்சம் ஒரு மட்டத்தில நிக்குது. ஸ்கட்சார்ட் கோடு (பிணைப்புத் தரவை நேர்கோடாக்கி வரையிறது) போடவா?

நிந்தவூரிலிருந்து

வேணாம், நேரடியா வளைவையே பொருத்துங்க. ஸ்கட்சார்ட்டில தாழ்ந்த செறிவுப் புள்ளியின் சின்னப் பிழையும் கோட்டை இழுத்திடும். கேடிக்குக் கீழயும் மேலயும் புள்ளிகள் இருக்கட்டும். மேல போறப்ப கவனம், லிகண்டும் 214 நானோமீற்றரில உறிஞ்சும், அடிக்கோட்டு இரைச்சலில புரதப் பீக் அமுங்கிடும்.