19ஆம் நூற்றாண்டு மை ஓவியம், மூன்று குதிரைகள்: எப்படிப் பார்ப்பது?

செம்மண்:
பாரிஸில் இருக்கிறேன். ஸேன் நதிக்கரையில் பச்சைப் பெட்டி வைத்துப் பழைய புத்தகம் விற்பவரிடம் உள்ளங்கை அகல மை ஓவியம் ஒன்று வாங்கினேன். கையெழுத்து இல்லை, பின்பக்கம் பென்சிலில் 1840 என்று மட்டும் இருக்கிறது. ஒரு குதிரை மேய்கிறது, ஒன்று நமக்கு முதுகைக் காட்டி நிற்கிறது, மூன்றாவது தூரத்தில் நாலுகால் பாய்ச்சலில் ஓடுகிறது. பின்னால் ஒரு மேடு, சில மரங்கள். எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது, ஏன் என்று சொல்லத்தான் தெரியவில்லை. வீட்டில் ‘பாதியில் விட்ட படம்’ என்கிறார்கள். படம் இணைத்திருக்கிறேன். ஜன்னலுக்கு எதிரே மாட்டலாமா?

கரிக்கோடு:
பாதியில் விட்ட படம் இல்லை இது. போதும் என்று தெரிந்து நிறுத்திய கை. கோட்டோவியம் கற்றுத்தருவது என் வேலை. மாணவர்களுக்கு நான் சொல்வதையே உங்களுக்கும் சொல்கிறேன். முகத்தை விட்டுவிட்டுக் கால்களைப் பாருங்கள்.

முதுகு காட்டி நிற்கும் குதிரையின் இடது பின்னங்கால் லேசாக மடங்கி, குளம்பின் நுனி மட்டும் தரையைத் தொடுகிறது. அந்தப் பக்கத்து இடுப்பு ஒரு நூல் தாழ்ந்திருக்கிறது. நின்றபடியே ஓய்வெடுக்கும் குதிரை இப்படித்தான் ஒரு காலுக்கு விடுப்புக் கொடுக்கும். குதிரைகளோடு பழகாதவர் நான்கு கால்களையும் தூண் மாதிரி நட்டிருப்பார். மேயும் குதிரையைப் பாருங்கள்: ஒரு முன்னங்கால் முன்னே, மற்றது பின்னே. கழுத்து தரையை எட்ட வேண்டுமே!

அடுத்து, குளம்புகள் இருக்கும் இடம். அங்கே கோடே இல்லை. கால் கீழே வரும்போது பேனா எழும்பிவிடுகிறது, பக்கத்தில் சாய்வாக நாலு கீற்று. அந்தக் கீற்றுகளால்தான் புல் வருகிறது, தரை வருகிறது, குதிரைக்கு எடையும் வருகிறது. மேட்டுக்கு ஒரே கோடு, அதுவும் மை தீர்ந்துபோகிற அளவுக்கு வெளிறியது. முன்னால் இருப்பது அடர்த்தி, தொலைவில் இருப்பது வெளிறல். நிலக்காட்சி மொத்தமும் இவ்வளவுதான். அந்தச் சிக்கனம்தான் உங்களுக்குப் பிடித்திருக்கிறது என்று நினைக்கிறேன்.

பழந்தாள்:
ஜன்னலுக்கு எதிரே கட்டாயம் வேண்டாம். பழைய காகிதங்களைப் பழுதுபார்ப்பவன் என்பதால் சொல்கிறேன். மாசிக்காயும் அன்னபேதி என்ற இரும்பு உப்பும் சேர்த்த மையாக இருந்தால், எழுதியபோது கறுப்பாக இருந்து காலப்போக்கில் பழுப்பேறியிருக்கும். அதில் அமிலம் உண்டு. மை திட்டாக விழுந்த இடங்களில் காகிதத்தையே அரித்துவிடும். பின்பக்கம் திருப்பி, அடர்ந்த கோடுகள் கசிந்து தெரிகின்றனவா, விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் சட்டமிடும் முன் ஒரு காகிதப் பாதுகாப்பாளரிடம் காட்டுங்கள்.

அருங்காட்சியகங்கள் இப்படிப்பட்ட தாள்களுக்குச் சுமார் 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு), அதாவது மங்கலான வெளிச்சம்தான் தருகின்றன. சில மாதம் மாட்டிவிட்டு மறுபடி இருட்டில் வைத்துவிடுவார்கள். நீங்களும் அப்படியே செய்யலாம். அமிலமில்லாத அட்டை போடுங்கள், கண்ணாடி தாளில் உரசக் கூடாது. செலோடேப், லேமினேஷன் பக்கமே போகாதீர்கள்.

செம்மண்:
நன்றி ஐயா. பின்பக்கம் இரண்டு இடத்தில் கசிவு தெரிகிறது, விரிசல் இல்லை. கரிக்கோடு அண்ணா, தூரத்துக் குதிரை முன்னங்கால் இரண்டையும் முன்னே, பின்னங்கால் இரண்டையும் பின்னே நீட்டிப் பறக்கிறதே. குதிரை அப்படி ஓடுமா?

கரிக்கோடு:
ஓடாது. ஆனால் அந்தக் காலத்தில் எல்லோரும் அப்படித்தான் வரைந்தார்கள். 1878இல் கலிஃபோர்னியாவில் மைப்ரிட்ஜ் என்ற புகைப்படக்காரர் வரிசையாகக் கேமராக்களை வைத்து எடுத்த படங்களில்தான் விஷயம் தெளிவானது: நான்கு குளம்பும் தரையை விடுகிற நொடியில் கால்கள் வயிற்றுக்கடியில் கூடியிருக்கின்றன. வெறுங்கண்ணுக்கு அது பிடிபடாது. உங்கள் ஓவியர் நிற்கும் குதிரையைக் கண்ணால் கண்டு வரைந்தார், ஓடும் குதிரையை வழக்கப்படி வரைந்தார். 1840 என்ற குறிப்போடு இது ஒத்துப்போகிறது. அதற்காகத் தேதி உறுதி என்று சொல்லிவிட முடியாது.

இதை நான் குறையாகவே நினைக்கவில்லை. குதிரைகள்மேல் உயிரையே வைத்திருந்த பிரெஞ்சு ஓவியர் ஜெரிகோகூட 1821இல் இங்கிலாந்தின் எப்சம் பந்தயக் குதிரைகளை அதே நீட்டலில்தான் வரைந்தார். வேகம் என்றால் என்ன என்று கண் உணர்கிறதோ, அது அந்தப் படத்தில் இருக்கிறது. அந்த ஓவியம் லூவர் அருங்காட்சியகத்தில்தான் இருக்கிறது. பாரிஸிலேயே இருக்கிறீர்கள், ஒரு நடை போய்ப் பாருங்கள். முதலில் வானத்தைப் பாருங்கள், அப்புறம் கால்களுக்கு வாருங்கள்.