புதுப்பிப்பு: கதீட்ரல் பீக் போய் வந்தாச்சு

தென்னாப்பிரிக்காவின் டிராக்கன்ஸ்பெர்க் மலையில் இருக்கும் கதீட்ரல் பீக்கை ஒரே பகலில் ஏறி இறங்க முடியுமா என்று இங்கே கேட்டிருந்தேன் அல்லவா? முடியும். ஆனால் அன்று காலையில் டர்பனிலிருந்து கிளம்பினால் நடக்காது. முதல் நாள் இரவே அடிவாரத்தில் தங்கிவிடுங்கள்.

போக வர ஏறக்குறைய 20 கிலோமீட்டர். உச்சி 3004 மீட்டர். தூரம்கூடப் பரவாயில்லை, கடைசி ஏற்றம்தான் ஆளைச் சோதிக்கிறது. கையையும் ஊன்றித்தான் பாறையில் ஏற வேண்டும். ஓரிடத்தில் சங்கிலி ஏணி. கால் வைத்ததும் லேசாக ஆடுகிறது. படி பாறையோடு ஒட்டிக்கொண்டால் ஷூ நுனி மட்டும்தான் நுழையும். அதைப் பார்த்ததுமே என் மச்சினன், "நீங்க போயிட்டு வாங்க மாமா, நான் புளிசாதத்துக்குக் காவல் இருக்கேன்" என்று உட்கார்ந்துவிட்டான். (திரும்பி வந்தபோது பாதி காலி.)

மேலே பெல், இன்னர் ஹார்ன், அவுட்டர் ஹார்ன் சிகரங்கள் பக்கத்திலேயே நிற்கின்றன. போட்டோவில் பிடிபடவில்லை.

டிசம்பர், ஜனவரியில் போகிறவர்கள் கவனிக்க: மதியத்துக்கு மேல் இடி மின்னல் வரும், அதற்குள் உச்சியை விட்டு இறங்கிவிடுங்கள். பாறை ஈரமாக இருந்தால் ஏறவே வேண்டாம். இறங்கியதும், ஏறும் முன் பெயர் எழுதிய மலைப் பதிவேட்டில் மறக்காமல் கையெழுத்துப் போடுங்கள், இல்லாவிட்டால் தேட ஆள் கிளம்பிவிடுவார்கள்.