கிண்டி காட்டில் 2012-ல் போட்ட சதுரங்களை மறுபடி கண்டுபிடிக்க வழி உண்டா?

கொஞ்சிச்செடி எழுதியது:

வணக்கம். சென்னையில் ஒரு கல்லூரியில் தாவரவியல் சொல்லித்தருகிறேன். 2012-ல் எம்.ஃபில். ஆய்வுக்காகக் கிண்டி தேசியப் பூங்காவுக்குள் 18 குவாட்ரட் போட்டேன். ஒவ்வொன்றும் 10-க்கு 10 மீட்டர் சதுரம். உள்ளே நிற்கும் மரம், புதர் ஒவ்வொன்றுக்கும் பெயர், மார்பளவு உயரத்தில் சுற்றளவு என்று எல்லாம் எழுதி வைத்தோம். நான்கு மூலையிலும் ஒரு சாண் இரும்பு முளை அடித்தோம். பெரிய மரங்களில் எண் போட்ட அலுமினியத் தகடு கட்டினோம்.

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் வந்தது. மறுநாள் சர்தார் படேல் சாலையில் விழுந்து கிடந்த மரங்களைத் தாண்டித் தாண்டி நடந்தபோது, சுவருக்கு அந்தப் பக்கம் என் சதுரங்கள் என்ன ஆயினவோ என்றுதான் மனது அடித்துக்கொண்டது. கல்யாணம், குழந்தை, வேலை என்று வருடங்கள் ஓடிவிட்டன. இப்போது முறைப்படி எழுதிக்கொடுத்து, உள்ளே போக அனுமதி கிடைத்திருக்கிறது. காலை நேரம் மட்டும்தான். காவலர் ஒருவர் கூட வருவார். மரத்தில் ஆணி அடிக்கக்கூடாது, மண்ணைத் தோண்டக்கூடாது. நியாயமான நிபந்தனைகள்.

இரண்டு நாள் போய் வந்தேன். ஒரு சதுரம்கூடக் கிடைக்கவில்லை.

கையில் இருப்பது இவ்வளவுதான். ஒன்று, ஜிபிஎஸ் எண்கள். அப்போது ஒரு துறையிலிருந்து இரவல் வாங்கிய கைக்கருவியில் எடுத்தவை. அவர்கள் தந்த படிவத்தில் டிகிரி, நிமிடம், விநாடி என்று மூன்று கட்டம்தான் இருந்தது, அதனால் முழு விநாடியாகவே எழுதியிருக்கிறேன். அவற்றை கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் போட்டுப் பார்த்தால், பூங்காவின் கிழக்கு ஓரத்துச் சதுரங்கள் மூன்று ஐ.ஐ.டி. வளாகத்துக்குள் போய் விழுகின்றன. நாங்கள் ஐ.ஐ.டி. பக்கம் போகவே இல்லை.

இரண்டு, என் பழைய நோட்டு. சில சதுரங்களுக்குக் கையால் படம் போட்டு வழி எழுதியிருக்கிறேன். சதுரம் 7-க்கு இப்படி இருக்கிறது: 'கிழக்குச் சுவர் மூலைத்தூணிலிருந்து காம்பஸ் 240. 156 எட்டு. இரட்டைப் பனை.' எட்டு (காலடி) வைத்து எண்ணியது என் தோழி. அவள் இப்போது வெளிநாட்டில் இருக்கிறாள், அவள் எட்டு எத்தனை சென்டிமீட்டர் என்று அவளுக்கே தெரியாது.

புதிதாக 18 சதுரம் போட்டுவிடேன் என்று உடன் வேலை செய்பவர் சொல்கிறார். போட்டால் இன்றைக்கு அங்கே என்ன நிற்கிறது என்று தெரியும். 2012-ல் 11 சென்டிமீட்டர் சுற்றளவில் நின்ற அந்தக் காயா மரம் பிழைத்ததா, புயலில் போனதா, வேலிக்காத்தான் நிழலில் கருகியதா என்று தெரியாது. நகரத்துக்கு நடுவே 2.7 சதுர கிலோமீட்டர்தான் மிச்சம் இருக்கிறது. 1910-ல் காப்புக்காடாக ஆக்கியபோது இருந்ததில் ஏறக்குறைய பாதி. அதற்குள் என்ன நடந்தது என்று சொல்ல என்னிடம் 18 சாட்சிகள் இருக்கிறார்கள், அவர்களை எங்கே விட்டேன் என்று தெரியவில்லை. தெரிந்தவர்கள் உதவுங்கள்.

அடுக்குவரைபடம் எழுதியது:

அக்கா, ஐ.ஐ.டி.க்குள் விழுகிறது என்றீர்களே, அதுவே நல்ல துப்பு. எல்லாப் புள்ளிகளும் ஒரே திசையில், ஒரே தூரம் தள்ளியிருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். பூங்காவுக்குள் நகராத ஏதாவது ஒன்றின் மேல் அன்றைக்குப் புள்ளி எடுத்திருந்தால் (கேட், தூண், கட்டடம்), அதைச் செயற்கைக்கோள் படத்தில் ஒப்பிட்டால் போதும்.

என் ஊகம்: அந்தக் கைக்கருவியில் டேட்டம் (பூமியின் வடிவத்தை எந்தக் கணக்கில் எடுத்து இடத்துக்கு எண் தருவது என்ற அமைப்பு) 'இந்தியன்' என்று வைக்கப்பட்டிருந்திருக்கும். பழைய சர்வே ஆஃப் இந்தியா நிலவரைபடமான டோப்போ ஷீட்டோடு பொருந்த வேண்டும் என்று அப்படி வைப்பார்கள். அந்த ஷீட்டுகள் எவரெஸ்ட் 1830 நீள்கோளம் என்ற பழைய பூமி வடிவக் கணக்கின் மேல் போட்டவை. ஜிபிஎஸ்ஸும் இன்றைய இணைய வரைபடங்களும் டபிள்யூஜிஎஸ் 84 என்ற புதிய கணக்கு. ஒரே இடத்துக்கு இரண்டிலும் எண் வேறு. சென்னையில் எவரெஸ்ட் எண்ணை அப்படியே டபிள்யூஜிஎஸ் என்று நினைத்துப் போட்டால், புள்ளி தென்கிழக்காக இருநூறு மீட்டருக்கு மேல் நகர்ந்து விழும். உங்கள் பூங்காவுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது? ஐ.ஐ.டி.

கியூஜிஐஎஸ்ஸில் அந்த அடுக்குக்கு எவரெஸ்ட் டேட்டத்தைக் கொடுத்துவிட்டு, யூடிஎம் 44 வடக்கு என்ற மீட்டர் கட்ட அமைப்புக்கு மாற்றுங்கள். சென்னை அந்த மண்டலத்தில்தான் வருகிறது. மீட்டரிலேயே வேலை செய்யலாம்.

ஆனால் அதற்கப்புறமும் சதுரம் நேராகக் கையில் வந்துவிடாது. ஒரு விநாடி என்பது சென்னையில் வடக்கு-தெற்கில் கிட்டத்தட்ட 31 மீட்டர், கிழக்கு-மேற்கில் 30 மீட்டர். முழு விநாடியாக எழுதினால் அந்தப் புள்ளி 30-க்கு 30 கட்டத்துக்குள் எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். உங்கள் சதுரம் ஒன்பது அதற்குள் அடங்கும். போதாததற்கு மரக்கூரைக்குக் கீழே கைக்கருவியே ஐந்து பத்து மீட்டர் தடுமாறும். அதனால் தேடும் வட்டத்தைச் சுருக்க மட்டும் ஜிபிஎஸ்ஸை நம்புங்கள். மிச்சத்துக்கு உங்கள் நோட்டுதான்.

பரங்கிமலைச்சங்கிலி எழுதியது:

அம்மா, நான் ஓய்வுபெற்ற சர்வேயர். 31 வருடம் சங்கிலியும் கல்லுமாகத் திரிந்தவன். நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டுத் தூக்கம் வரவில்லை, ஏனென்றால் உங்கள் நோட்டில் விடை இருக்கிறது.

எங்கள் புலப்படத்தில் (நிலத்தின் அளவுப் படம்) உள்ள ஒரு கல் காணாமல் போனால் நாங்கள் கல்லைத் தேட மாட்டோம். காணாமல் போகாத இரண்டு கல்லைத் தேடுவோம். அவற்றிலிருந்து படத்தில் உள்ள அளவை இழுத்தால், போன கல் எங்கே இருந்ததோ அங்கே முளைக்குச்சி வந்து நிற்கும். நீங்கள் சுவர் மூலைத்தூணை எழுதி வைத்தீர்கள் பாருங்கள், அது உங்கள் கல். சுவர் எங்கும் போகவில்லை.

இனி, எட்டு வைத்து எண்ணிய விஷயம். தோழி எங்கே இருந்தால் என்ன. நகராத இரண்டு பொருளுக்கு நடுவே அவர் எண்ணிய கணக்கு நோட்டில் எங்கேயாவது இருக்கிறதா? கேட் தூணிலிருந்து சுவர் மூலை வரை என்பது போல? இருந்தால், இன்று அதே தூரத்தை நாடாவால் அளந்து, எட்டின் எண்ணிக்கையால் வகுங்கள். 2012-ல் அவர் எட்டு எவ்வளவு என்று தெரிந்துவிடும். ஒன்று கவனம். சுவரோரம் வெட்டவெளியில் வைத்த எட்டு நீளமாக இருக்கும். காரை, சூரை முட்செடிகள் காலைப் பிடிக்கிற இடத்தில் எட்டு குறுகும். ஆகவே கணக்கு காட்டும் இடத்துக்குக் கொஞ்சம் முன்னாலிருந்தே தேடத் தொடங்குங்கள்.

காம்பஸ் பிடிக்கும்போது கைபேசி, எஃகு நாடா, கத்தி எதுவும் பக்கத்தில் வேண்டாம். காந்த வடக்குக்கும் மெய் வடக்குக்கும் உள்ள வித்தியாசம் நம் ஊரில் ஒன்றிரண்டு டிகிரிக்குள்தான். நூறு மீட்டருக்கு ஒரு டிகிரி பிசகினால் ஒன்றே முக்கால் மீட்டர் தள்ளும், அவ்வளவுதான். பயப்பட வேண்டாம்.

தம்பி எவரெஸ்ட் நீள்கோளம் என்று சொன்னதும் எனக்கு ஒன்று சொல்லத் தோன்றியது. இந்த நாட்டை அளக்கும் பெரிய வேலை 1802-ல் ஆரம்பித்ததே உங்கள் காட்டிலிருந்து நடந்துபோகிற தூரத்தில்தான். வில்லியம் லாம்டன் என்ற ஆங்கிலேய அதிகாரி பரங்கிமலையிலிருந்து தெற்கே ஏழரை மைல் நேர்கோடு ஒன்றை நூறடிச் சங்கிலியால் அளந்தார். அவருக்குப் பின் அந்த வேலையை ஏற்றவர்தான் எவரெஸ்ட். அவர் கணக்கிட்ட பூமியின் வடிவத்தில்தான் உங்கள் சதுரங்கள் ஐ.ஐ.டி.க்குப் போயிருக்கின்றன. இருநூறு வருடத்துக்கு முன் அளந்த அந்தக் கோட்டிலிருந்துதான் நாட்டையே அளக்கும் வேலை கிளம்பியது.

காயாம்பூ எழுதியது:

நானும் இந்தக் கடற்கரை உலர் பசுமைமாறாக் காடுகளில் வருடக்கணக்காகச் சுற்றளவு எடுத்தவள். (காயாவைப் பற்றிக் கவலைப்பட்டீர்களே, அதற்காகவே இந்தப் பெயரில் எழுதுகிறேன்.) சர்வேயர் ஐயா சொன்ன வழியில் பக்கத்தில் போய்விடுவீர்கள். போன பிறகு 'இதுதான் அந்தச் சதுரம்' என்று எப்படி உறுதி செய்வது? மரங்களின் பட்டியல்தான் கைரேகை.

ஆனால் எல்லா மரமும் சாட்சிக்கு ஆகாது. கொஞ்சி, காட்டு எலுமிச்சைக் கன்றுகள் பத்து வருடத்தில் வந்தும் போயும் இருக்கும். வீரை மெதுவாகப் பருக்கும், நம்பலாம். இவை எல்லாவற்றையும் விட உங்கள் நோட்டில் உள்ள இரண்டு வார்த்தையைப் பார்த்ததும் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இரட்டைப் பனை! பனை ஒருவித்திலை. வேம்பு போலவோ வீரை போலவோ வருடா வருடம் உள்ளேயிருந்து கட்டை சேர்த்துப் பருக்காது. உயரும், அவ்வளவுதான். வளர்ந்த பனையின் சுற்றளவை 2012-ல் எந்த உயரத்தில் எடுத்தீர்களோ அதே உயரத்தில் இன்று எடுத்தால் அதே எண்தான் வர வேண்டும். இரண்டு பனைக்கும் எண் எழுதியிருந்தீர்களா? இரண்டும் பொருந்தினால் சந்தேகமே வேண்டாம்.

முளைகளுக்கு ஒரு யோசனை. தோண்டத்தானே தடை. கடையில் கிடைக்கும் பலமான காந்தம் ஒன்றைக் கயிற்றில் கட்டி, சருகுக்கு மேல் மெல்ல இழுத்துப் பாருங்கள்.

அப்புறம், விட்டுவிடாதீர்கள். முதுமலையில் இந்திய அறிவியல் கழகத்தார் 1988-ல் 50 ஹெக்டேர் நிலத்தை அளந்து, ஒரு சென்டிமீட்டர் விட்டத்துக்கு மேற்பட்ட மரம் ஒவ்வொன்றுக்கும் எண் கொடுத்து, திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்துவருகிறார்கள். தீ, வறட்சி, யானை என்று அந்தக் காட்டைப் பற்றிப் பேச முடிவதே அதே மரத்திடம் திரும்பிப் போவதால்தான். கிண்டியில் உங்கள் 18 சதுரமும் அதே வேலையைத்தான் செய்கிறது.

கொஞ்சிச்செடி எழுதியது:

நேற்றுக் காலை போய்விட்டு வந்தேன். உட்கார்ந்து எழுதவே கை ஓடவில்லை.

டேட்டம் சரிதான். கேட் அருகே எடுத்த ஒரு புள்ளி இருந்தது. எவரெஸ்ட் என்று கொடுத்து மாற்றியதும் அது கேட்டுக்குப் பத்தடியில் வந்து உட்கார்ந்தது. ஐ.ஐ.டி.க்குள் கிடந்த மூன்றும் சுவர் தாண்டிக் காட்டுக்குள் திரும்பிவிட்டன.

ஐயா கேட்ட மாதிரியே நோட்டின் கடைசிப் பக்கத்தில் இருந்தது: 'கேட் தூண் முதல் மூலைத்தூண் வரை 212 எட்டு.' நாடா பிடித்தோம். 148.4 மீட்டர். அப்படியென்றால் அவள் எட்டு சரியாக 70 சென்டிமீட்டர். 156 எட்டுக்கு 109 மீட்டர். உடனே அவளுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன், அங்கே நடுராத்திரி, அப்போதே பதில் வந்தது.

240 டிகிரி பிடித்து உள்ளே போனோம். தொண்ணூறு மீட்டர் தாண்டியதும் புதர் அடர்ந்துவிட்டது. கூட வந்த காவலர்தான் முதலில் பார்த்தார். 'மேடம், பனை கேட்டீங்களே, அந்தா' என்றார். காய்ந்த மட்டைகள் தொங்கும் இரண்டு பனைகள். ஒன்றின் அடியில் பிரண்டை ஏறியிருந்தது. நோட்டில் 118, 131. நாடாவைச் சுற்றும்போது என் கை நடுங்கியது. முதல் பனை 118. இரண்டாவதில் நார் பிசிறிக்கொண்டிருந்ததால் இருமுறை எடுத்தேன். 131, பிறகு 130.5. தூணிலிருந்து 104 மீட்டர். ஐயா சொன்னபடி கணக்குக்கு ஐந்து மீட்டர் முன்னாலேயே.

காந்தத்துக்கு மூன்று முளைகள் சிக்கின. தென்மேற்கு மூலையில் மட்டும் இல்லை. துருப்பிடித்துச் சுண்டுவிரல் தடிமனாகிவிட்டன, ஆனால் அடித்த இடத்திலேயே நிற்கின்றன. தகடுகளில் ஒன்றுதான் மிச்சம். 7-14 என்ற எண். அந்த மரத்தின் பட்டை தகட்டின் ஓரத்தைப் பாதி விழுங்கியிருந்தது. அதைத் தொடாமல் விட்டுவிட்டேன்.

பெரிய வீரை சாய்ந்துவிட்டது. வேரோடு புரண்டு கிடக்கிறது, அடிக்கட்டையிலிருந்து நான்கு துளிர் நிமிர்ந்து என் இடுப்பளவு வந்திருக்கிறது. அது விழுந்து வெளிச்சம் வந்த இடம் முழுக்க இப்போது கொஞ்சி. முன்பு அங்கே ஒன்றுகூட இல்லை. காயா இருக்கிறது. 11-ஆக இருந்தது, இப்போது 14.

இந்தத் தடவை மூலைத்தூண், கேட் தூண், ஒரு பழைய கல் மைல்தூண் என்று மூன்றிலிருந்தும் நாடா அளவு எழுதிக்கொண்டேன். ஜிபிஎஸ் எண்ணை ஐந்து தசம இடம் வரை எழுதி, பக்கத்திலேயே டபிள்யூஜிஎஸ் 84 என்றும் எழுதினேன். பனையை எந்த உயரத்தில் அளந்தோம் என்பதும் இருக்கிறது.

வியாழக்கிழமை சதுரம் 8. நோட்டில் 'புற்றுக்கு வடக்கே 40 எட்டு' என்று மட்டும் இருக்கிறது. புற்று இன்னும் இருக்குமா, ஐயா? கரைந்த புற்றின் இடத்தை மண்ணைப் பார்த்தே சொல்ல முடியும் என்றால் யாராவது எழுதுங்கள்.