பிலாசபி வாத்தியார் வேலையில் மனசை விட்டுப் போகாத ஒரு ஆள்: பலரின் அனுபவப் பகிர்வு

மாலை வகுப்பு:
அனுமானப் பாடம். மலையில் நெருப்பு உண்டு, புகை இருப்பதால், அடுக்களை போல. மணிமேகலையில் அறவண அடிகள் சொல்வதும் இதே உதாரணம்தான். எப்போதும் தூங்கி வழிகிற கடைசி பெஞ்சுப் பையன் அன்று எழுந்தான். "நேத்து ரிசப்ஷன்ல பொண்ணு மாப்பிள்ளை உள்ள வர்றப்ப புகை விட்டது நான்தான் மேடம். நெருப்பே கிடையாது. வெந்நீர்ல டிரை ஐஸ்." ராத்திரியில் டெக்கரேஷன் வேலைக்குப் போகிறான் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். வகுப்பு முழுக்கச் சிரிப்பு.

நான் விடவில்லை. அது புகையே இல்லை, நீராவி குளிர்ந்து துளித்துளியாக மிதப்பது. ஆவியா பனியா என்று ஐயம் இருக்கும்போதே அதைப் புகை என்று வைத்துக்கொண்டு நெருப்பு உண்டு எனத் துணிவது குற்றம், சித்தாசித்தம் என்று மணிமேகலையே சொல்கிறது என்றேன். ஒத்துக்கொண்டான். அப்புறம் வலது கையைத் தூக்கிக் காட்டினான். கடுங்குளிரான அந்த ஐஸைக் கிளவுஸ் இல்லாமல் அள்ளியதில் விரல் நுனிகள் வெளுத்துப்போய்க் கொப்புளம் கட்டியிருந்தன. "நெருப்பு இல்லாமயே சுடுது மேடம்."

மணி அடித்துவிட்டது. நான் சொன்னது சரியான பதில்தான், இன்றைக்கும் அதையேதான் சொல்வேன். ஆனாலும் போர்டில் 'புகை' என்று எழுதும்போதெல்லாம் அந்த விரல்கள் வந்து நிற்கின்றன.

வாத்தியார் வீட்டம்மா:
நான் தத்துவம் படித்தவள் இல்லை, தத்துவ வாத்தியாரைக் கட்டிக்கொண்டவள். பேசலாம்தானே? இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் ஒருவர் வீட்டுக்கு வந்தார். "திடீர்னு உங்களுக்கு ஒண்ணு ஆயிடுச்சுன்னா சார்..." என்று ஆரம்பித்ததுதான் தாமதம், இவர் கிரேக்கத் தத்துவவாதி எபிகூரஸைப் பிடித்துக்கொண்டார். நாம் இருக்கும்வரை மரணம் இல்லை, மரணம் வந்தபின் நாம் இல்லை, பிறகு எதற்குப் பயம் என்று ஒரு மணி நேரம். அந்த மனுஷன் ரெண்டு காபி குடித்துவிட்டு, முகம் மாறாமல் கேட்டார்: "புரியுது சார். நாமினி யாருன்னு போடட்டும்?"

என் பெயர்தான்.

சிவப்புப் பேனா:
மருந்துச் சோதனைகளுக்கு அனுமதி தருகிற மருத்துவமனை நெறிமுறைக் குழு ஒன்றில் இருக்கிறேன். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆரின் 2017 வழிகாட்டுதல்படி குறைந்தது 7 பேர் வேண்டும். டாக்டர்கள், சட்டம் தெரிந்த ஒருவர், பொதுமக்கள் தரப்பில் ஒருவர், அப்புறம் சமூக அறிவியலோ தத்துவமோ படித்த ஒருவர். அந்தக் கடைசி நாற்காலி என்னுடையது.

நோயாளியிடம் கையெழுத்து வாங்கும் ஒப்புதல் படிவத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். 'எப்போது வேண்டுமானாலும் காரணம் சொல்லாமல் விலகிக்கொள்ளலாம்' என்று ஒரு வரி. ஜெர்மன் தத்துவவாதி கான்ட்டில் ஆரம்பித்துத் தன்னாட்சி பற்றி ரெண்டு பக்கக் குறிப்பு கையில் வைத்திருந்தேன். எனக்கு முன்னால் பொதுமக்கள் தரப்பு அம்மா பேசினார். "விலகிட்டு அப்புறம் அதே டாக்டர்கிட்டதானே வைத்தியத்துக்கு வரணும்?" விலகினாலும் சிகிச்சை பாதிக்கப்படாது என்று அடுத்த வரியிலேயே இருக்கிறதே என்று ஒரு டாக்டர் விரல் வைத்துக் காட்டினார். அந்த அம்மா கண்ணாடியைப் போட்டுப் படித்துவிட்டு, "பேப்பர்ல இருக்கு சரி, உங்க முகத்துல இருக்கணுமே" என்றார்.

குறிப்பை நான் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டேன். வைத்தியம் பார்க்கிற டாக்டர் இல்லாமல் வேறொருவர் ஒப்புதல் வாங்க வேண்டும் என்று முடிவானது. மினிட்ஸில் அந்தத் திருத்தம் 'குழுவின் கருத்து' என்று ஏறியிருக்கிறது. அது அந்த அம்மாவின் கருத்து.

பழைய நையாயிகன்:
மாலை வகுப்பு மேடம், பையன் சொன்னதில் வாதமே இல்லை. புகை உள்ள இடத்தில் நெருப்பு என்பதுதான் வியாப்தி, அதாவது விடாமல் சேர்ந்திருக்கும் தொடர்பு. சுடுகிற இடத்தில் நெருப்பு என்று யார் சொன்னது? நெருப்பு உள்ள இடத்திலெல்லாம் புகை என்று திருப்பிப் போட்டாலும் நிற்காது. பழுக்கக் காய்ச்சிய இரும்பு உருண்டையில் நெருப்பு உண்டு, புகை இல்லை. இதை அங்கேயே சொல்லி உட்கார வைத்திருக்கலாம்.

என் அனுபவம்: ரிட்டயர்டு ஆன பிறகு வாக்கிங்கில் ஒருவர், "உங்க டிபார்ட்மென்ட் இன்னும் இருக்கா சார்?" என்றார். இருக்கிறது.

இளைஞர்களுக்குச் சில வார்த்தைகள். கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட் தேர்வில் முதல் தாளை அலட்சியப்படுத்தாதீர்கள். 50 கேள்வி, 100 மதிப்பெண், நம் ஆட்கள் கோட்டை விடுவது அங்கேதான். ரெண்டாம் தாளில் 100 கேள்வி. தப்புக்கு மதிப்பெண் கழிப்பதில்லை, ஒன்றையும் விட்டுவைக்காதீர்கள். இந்தியத் தத்துவத்தில் பிரமாணங்களை, அதாவது அறிவு பெறும் வழிகளை, முடித்துவிட்டு மேற்கத்தியத்துக்குப் போங்கள். ஆய்வேடு எழுதுகிறவர்கள் நகலைக் கண்டுபிடிக்கும் ஒப்புமைச் சோதனையில் 10 சதவீதத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள், பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் 2018 விதி அப்படி. இந்தியத் தத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிபிஆரின் உதவித்தொகை அறிவிப்பு வருகிறதா என்று அடிக்கடி பாருங்கள். எதற்கும் ஒரு பி.எட். கையில் இருக்கட்டும்.

மாலை வகுப்பு:
இரும்பு உருண்டை எனக்கும் தெரியும் சார். பையன் கைக்கு மருந்து போட்டானா என்று இங்கே இன்னும் ஒருத்தரும் கேட்கவில்லை.

ஆய்வுமாணவி:
நையாயிகன் சார், நெட் பற்றி யாருமே கேட்கலையே!

எனக்கு ஒரு ஹவுஸ் ஓனர். வீடு பார்க்கப் போனபோது என்ன படிக்கிறாய் என்றார். தத்துவத்தில் பிஎச்.டி. என்றேன். சாவியை நீட்டப் போனவர் கையை இழுத்துக்கொண்டார். "சாமி இருக்கா இல்லையா, அதை மட்டும் சொல்லு." உண்டு என்று பழைய நியாய மரபின் தர்க்க அறிஞர் உதயனர் வாதிடுகிறார், பௌத்தர்கள் மறுக்கிறார்கள் என்று இழுத்தேன். "அவங்க கிடக்கட்டும். நீ என்ன சொல்றே?"

எந்தக் கருத்தரங்கிலும் என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை. எந்தப் புத்தகம், எந்தப் பதிப்பு, எந்த உரையாசிரியர் என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். "எனக்கு இன்னும் தெரியலை அங்கிள்" என்றேன். என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"சரி, அசைவம் சமைக்கக் கூடாது" என்று சாவியைக் கொடுத்துவிட்டார். ரெண்டு நாள் முன்னால் வாடகை கொடுக்கப் போனேன். ஏதாவது தெரிஞ்சுதா என்று கேட்கிறார்.