21 பெரிதா, 17 பெரிதா? அமெரிக்கக் கல்லூரி ஆடவர் டென்னிஸில் தலைசிறந்த அணி எது?

கோபுரவாசல்:
போன வாரம் வேறொரு இழையில் ஒருவர் ஒரே வரியில் தீர்ப்பு எழுதிவிட்டார். “தெற்குக் கலிபோர்னியா பல்கலைக்கழகத்திடம் 21 தேசியப் பட்டங்கள், ஸ்டான்போர்டிடம் 17. இதில் பேச என்ன இருக்கிறது?” பேச நிறைய இருக்கிறது. அதற்காகத்தான் தனி இழை.

1946 முதல் 1976 வரை, அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் அமைப்பான என்.சி.ஏ.ஏ.வின் அணிப் பட்டத்துக்காக அணிகள் நேருக்கு நேர் மோதவே இல்லை. ஒற்றையர் போட்டியும் இரட்டையர் போட்டியும் நடக்கும். ஒரு கல்லூரியின் ஆட்டக்காரர்கள் சுற்றுக்குச் சுற்று வென்று சேர்க்கும் புள்ளிகளைக் கூட்டி, அதிகம் எடுத்த கல்லூரிக்குக் கோப்பையைக் கொடுப்பார்கள். அபாரமான ஆட்டக்காரர்கள் இரண்டு மூன்று பேர் இருந்தால் போதும். ஐந்தாவது, ஆறாவது இடத்தில் ஆடுகிறவர் யார் என்று கேட்கவே வேண்டியதில்லை.

1977இல்தான் அணிக்கு எதிராக அணி ஆடும் நாக்-அவுட் முறை வந்தது. அந்த முதல் கோப்பையையே ஸ்டான்போர்டு எடுத்தது. அதிலிருந்து 2000 வரை நடந்த 24 போட்டிகளில் 15 பட்டங்கள் ஸ்டான்போர்டுக்கு. புதிய முறையில் தெற்குக் கலிபோர்னியா இதுவரை வென்றது 9. 15 எங்கே, 9 எங்கே? அணிப் பட்டம் என்ற சொல்லுக்கு உண்மையான பொருள் வந்த பிறகு யார் முதலிடம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

டிரோஜன் குதிரை:
அந்த ஒரு வரி எழுதியவன் நான்தான். மாற்றிக்கொள்ளப் போவதில்லை.

முறை மாறியது என்பது உண்மை. அதற்காக முந்தைய 31 ஆண்டுகளைக் கிழித்துப் போட முடியுமா? அன்றைய விதி எல்லாருக்கும் ஒன்றுதான். அதே விதியில் 1962 முதல் 1969 வரை எட்டு ஆண்டுகளில் ஏழு பட்டங்கள் எங்களுக்கு. 1965இல் மட்டும் ஆர்தர் ஆஷ் இருந்த யு.சி.எல்.ஏ. (லாஸ் ஏஞ்சலஸில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகம்) பறித்துக்கொண்டது.

அன்று கல்லூரியில் ஆடியவர்கள் யார் என்பதையும் பாருங்கள். 1968இல் தொழில்முறை ஆட்டக்காரர்களையும் அனுமதித்த ஓப்பன் யுகம் தொடங்கும்வரை விம்பிள்டனும் அமெரிக்கப் பட்டமும் அமெச்சூர்களின் களம். உலகின் முதல் வரிசை ஆட்டக்காரர்கள் பலர் கல்லூரி மாணவர்களாகவே இருந்தார்கள். எங்கள் அலெக்ஸ் ஒல்மேடோ 1956லும் 1958லும் கல்லூரி ஒற்றையர் சாம்பியன். 1959இல் விம்பிள்டன் சாம்பியன். 1962இல் கல்லூரிப் பட்டம் வென்ற ரஃபேல் ஒசூனா மறு ஆண்டே அமெரிக்க ஒற்றையர் பட்டம் வென்றார். டெனிஸ் ரால்ஸ்டன், பாப் லட்ஸ், ஸ்டான் ஸ்மித் என்று பட்டியல் நீள்கிறது. இவர்களை வென்றால்தான் கோப்பை. உங்கள் ஜான் மெக்கன்ரோ எத்தனை ஆண்டு ஸ்டான்போர்டில் இருந்தார்? ஒரே ஆண்டு! பிறகு தொழில்முறைக்குப் போய்விட்டார். எந்தக் காலத்துக் கல்லூரி டென்னிஸ் கடினமானது என்று நீங்களே சொல்லுங்கள்.

கோபுரவாசல்:
மெக்கன்ரோ இருந்த அந்த ஓர் ஆண்டில் என்ன நடந்தது என்பதையும் சொல்லியிருக்கலாமே. 1978இல் ஸ்டான்போர்டு 24 ஆட்டங்களிலும் தோல்வியே காணவில்லை. அவர் ஒற்றையர் பட்டமும் வென்றார். அவர் போன பிறகு அணி படுத்துவிட்டதா? 1980, 1981, 1983 என்று வென்றுகொண்டே போனது. ஒரு நட்சத்திரத்தை நம்பி நிற்காமல் இருப்பதைத்தான் நான் அணி என்கிறேன்.

உங்கள் 1960களின் கடுமையைப் பற்றி ஒரு கணக்கு. 1976 வரை நடந்த 31 போட்டிகளில் தெற்குக் கலிபோர்னியாவுக்கு 12 பட்டங்கள், யு.சி.எல்.ஏ.வுக்கு 12. இதில் 1976 இருவரும் பகிர்ந்தது. ஆக 31இல் 23 போட்டிகள் லாஸ் ஏஞ்சலஸ் நகரின் இரண்டு கல்லூரிகளுக்குள் முடிந்துவிட்டன. ஆண்டு முழுவதும் வெயில் அடிக்கும் ஊரில், பக்கத்துத் தெருக்காரர்கள் இருவர் மாறி மாறி வாங்கிய கோப்பை அது. நாடு முழுவதும் கடும் போட்டி இருந்தது என்று எப்படிச் சொல்வது?

இன்னொன்று. 1969க்கும் 1991க்கும் இடையில் உங்களுக்கு இருப்பது அந்த 1976 பட்டம் ஒன்றுதான், அதுவும் பாதி. 21 என்று முழுதாக எண்ணும்போது இதையும் நினைவில் வையுங்கள்.

டிரோஜன் குதிரை:
ஆண்டை நீங்கள் வெட்டும் இடத்தில் வெட்டினால் 15க்கு 9. நான் 1991 முதல் 2014 வரை வெட்டுகிறேன். அதுவும் 24 ஆண்டுகள்தான், அதுவும் உங்களுக்குப் பிடித்த புதிய முறைதான். தெற்குக் கலிபோர்னியா 9, ஸ்டான்போர்டு 6.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது வேறு. நீங்கள் ஸ்டான்போர்டு என்று சொல்வதெல்லாம் உண்மையில் டிக் கூல்டு என்ற ஒரு மனிதர். 1966இல் அவர் பயிற்சியாளராக வந்தபோது அங்கே ஓர் அணிப் பட்டமும் இல்லை. 2004இல் விடைபெற்றபோது 17. இன்றும் அதே 17. அந்த மனிதரை நான் வணங்குகிறேன், அவரைப் போல ஒருவர் எங்களுக்கும் வாய்த்ததில்லை. ஆனால் நாம் பேசுவது ஒரு கல்லூரியின் மரபைப் பற்றி. எங்கள் பயிற்சியாளர்கள் காலத்துப் பட்டங்கள்: ஜார்ஜ் டோலி 10, டிக் லீச் 4, பீட்டர் ஸ்மித் 5. அவர்களுக்கு முன்னாலேயே 1946இலும் 1951இலும் இரண்டு. கை மாறிய பிறகும் விளக்கு எரிந்தது. 2009 முதல் 2012 வரை தொடர்ந்து நான்கு! அந்த நான்கிலும் ஆடிய ஸ்டீவ் ஜான்சன் கடைசியில் ஒற்றையரில் தொடர்ந்து 72 ஆட்டங்கள் வென்று வெளியேறினார். இதற்கு என்ன பதில்?

கோபுரவாசல்:
ஜான்சனின் 72க்குப் பதில் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். கூல்டு பற்றிச் சொன்னதை ஏற்க மாட்டேன். டோலி இல்லாமல் உங்கள் 1960கள் உண்டா? 21இல் பத்து அவருடையது.

ஆறாம் ஆடுகளம்:
நான் அமெரிக்காவில் ஒரு சிறிய கல்லூரி அணியில் மூன்று ஆண்டுகள் ஆறாவது ஒற்றையர் ஆடியவன். தேசியப் போட்டி வாசலைக்கூட மிதித்ததில்லை. ஆனால் இந்த முறை ஆட்டக்காரனுக்கு என்ன செய்கிறது என்பது தெரியும்.

முதலில் மூன்று இரட்டையர் ஆட்டங்கள். அவற்றில் இரண்டை வெல்லும் அணிக்கு மொத்தமாக ஒரே புள்ளி. அதன் பிறகு ஆறு ஒற்றையர்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி. நான்கை முதலில் தொட்ட அணி வென்றது. ஆறும் ஒரே நேரத்தில் நடக்கும். அடிக்கப் போகும்போது பக்கத்து ஆடுகளத்தில் நம் ஆள் கத்துவது காதில் விழும். மற்ற ஆட்டங்கள் முடிந்து 3–3 என்று நின்றுவிட்டால் மீதம் ஆடுகிற ஒருவன் தலையில் எல்லாம் வந்து இறங்கும். முதலிடத்தில் ஆடும் நட்சத்திரம் ஒரு மணி நேரத்துக்கு முன்பே தன் ஆட்டத்தை முடித்துவிட்டு வேலியைப் பிடித்துக்கொண்டு நிற்பான், அவனால் ஒன்றும் செய்ய முடியாது. எனக்கு இது இரண்டு முறை நேர்ந்தது. ஒரு முறை வென்றேன். தோற்ற நாள்தான் இன்னும் கனவில் வருகிறது.

2013 இறுதியை நினைத்துப் பாருங்கள். வெர்ஜீனியா பல்கலைக்கழகத்துக்கும் யு.சி.எல்.ஏ.வுக்கும் 3–3. மிச்சமிருந்தது வெர்ஜீனியாவின் மிட்செல் ஃபிராங்க் ஆடிய ஆட்டம் ஒன்றுதான். யு.சி.எல்.ஏ.வுக்கு மாட்ச் பாயிண்ட், இன்னும் ஒரே புள்ளி எடுத்தால் கோப்பை. எதிராளி பந்தை முடித்தும்விட்டார். ஆனால் வலையைத் தொட்டுவிட்டார். புள்ளி ஃபிராங்குக்குப் போனது. அங்கிருந்து மீண்டு அவர் வென்றார். வெர்ஜீனியாவின் முதல் பட்டம் அப்படி வந்தது. புள்ளிகளைக் கூட்டிக் கொடுத்த கோப்பையில் இது நடக்காது. அதனால் என் வாக்கு கோபுரவாசலுக்கு. ஆனால் அவர் பழைய பட்டங்களை மட்டமாகப் பேசுவது எனக்குப் பிடிக்கவில்லை.

சார்லட்ஸ்வில் மலர்:
வெர்ஜீனியா பெயர் வந்ததால் எழுதுகிறேன். நீங்கள் எல்லாரும் கலிபோர்னியாவைத் தாண்டி வரவே மாட்டீர்களா? கலிபோர்னியாக் கல்லூரி ஒன்று கடைசியாக வென்றது 2014இல். 2013 முதல் 2023 வரை, கொரோனாவால் நடக்காத 2020ஐக் கழித்தால் பத்துப் போட்டிகள். அதில் வெர்ஜீனியா ஆறு. நாடெங்கும் கல்லூரிகள் பயிற்சியாளர்களையும் உள்ளரங்குகளையும் கட்டியெழுப்பிவிட்ட காலத்தில், உலகம் முழுவதிலிருந்தும் பையன்கள் வந்து குவியும் காலத்தில், பத்துக்கு ஆறு. அதுவும் இரண்டு பயிற்சியாளர்கள் காலத்தில்: பிரையன் போலண்ட் நான்கு, ஆண்ட்ரேஸ் பெட்ரோசோ இரண்டு.

நம்மவர்களுக்கு நெருக்கமான ஒன்றும் இருக்கிறது. சென்னையில் பயிற்சி பெற்று வெர்ஜீனியாவுக்கு ஆடிய சோம்தேவ் தேவ்வர்மன் 2007இல் ஜார்ஜியா பல்கலைக்கழகத்தின் ஜான் இஸ்னரை அவருடைய சொந்த ஊர் ரசிகர்கள் முன்னால், அந்த மாநிலத்து ஏதென்ஸ் நகரில், மூன்றாவது செட் டை-பிரேக்கர் வரை போய் வென்று ஒற்றையர் பட்டம் எடுத்தார். 2008இல் மீண்டும் எடுத்தார். அந்தப் பருவத்தில் அவர் வென்றது 44, தோற்றது ஒன்று. ஆனால் அவர் இருந்த நான்கு ஆண்டுகளிலும் வெர்ஜீனியாவுக்கு என்.சி.ஏ.ஏ. அணிப் பட்டம் கிடைக்கவில்லை. 2007லும் 2008லும் அதைத் தூக்கியது ஜார்ஜியா. நாட்டிலேயே சிறந்த ஆட்டக்காரர் கையில் இருந்தும் அணிக் கோப்பை கிடைக்காத காலம் இது. கோபுரவாசல் சொல்லும் வேறுபாட்டுக்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

டிரோஜன் குதிரை:
மலர், நம்மவர்கள் என்று தொடங்கினால் எங்களுக்கும் உண்டு. விஜய் அமிர்தராஜின் மகன் பிரகாஷ் 2002இல் பட்டம் வென்ற எங்கள் அணியில் இருந்தவர். 2025இல் வென்ற வேக் ஃபாரஸ்ட் அணியில் மதுரையிலிருந்து போன தட்சிணேஸ்வர் சுரேஷ் ஆடினார். இதையெல்லாம் நம் ஊர்ப் பத்திரிகைகள் ஒரு மூலையில்கூடப் போடுவதில்லை என்பது எனக்குப் பெரிய ஆதங்கம்.

சோம்தேவ் கதையை மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கதை பழைய முறையைக் குறைத்துவிடாது. அது வேறு பரீட்சை, அவ்வளவுதான்.

பழைய மதராஸ்காரன்:
இளைஞர்களே, ஒசூனா பெயரைப் பார்த்ததும் கை சும்மா இருக்கவில்லை. 1962 டிசம்பரில் டேவிஸ் கோப்பை மண்டலங்களுக்கு இடையிலான இறுதிக்கு மெக்சிகோ நம் மதராஸுக்கு வந்தது. அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு போனேன். இராமநாதன் கிருஷ்ணன் இருக்கும்போது நாம் தோற்போம் என்று எங்கள் வீட்டில் யாரும் நினைக்கவில்லை. 5–0 என்று தோற்றோம். ஒசூனாவின் கால்கள் மட்டும் இன்னும் கண்ணில் நிற்கின்றன. பந்து போகுமிடம் அவருக்கு முன்பே தெரிந்ததுபோல் அங்கே போய் நிற்பார். அந்த ஆண்டின் அமெரிக்கக் கல்லூரி சாம்பியன் அவர்தான் என்பது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது. கல்லூரிப் போட்டி என்றால் என்ன தரம் என்று அன்று நான் பார்த்தேன், கோபுரவாசல் தம்பி. பக்கத்துத் தெருக்காரர்கள் வாங்கிய கோப்பை என்று எழுதியதைப் படித்தபோது மனசு கொஞ்சம் வருந்தியது.

இன்னொரு செய்தி. அன்று ஒசூனாவோடு வந்த இன்னொரு மெக்சிகோக்காரர் அந்தோனியோ பலஃபாக்ஸ். பின்னாளில் அவர் நியூயார்க் பக்கம் பயிற்சியாளராக இருந்து ஒரு சிறுவனுக்கு ஆட்டம் சொல்லிக்கொடுத்தார். அந்தச் சிறுவன்தான் உங்கள் மெக்கன்ரோ.

கோபுரவாசல்:
ஐயா, பலஃபாக்ஸ் மெக்கன்ரோவின் பயிற்சியாளர் என்று தெரியும். அவர் நம் ஊரில் வந்து ஆடியவர் என்பது இன்றுதான் தெரிந்தது. மன்னியுங்கள், பக்கத்துத் தெரு என்ற சொல்லைத் திரும்பப் பெறுகிறேன்.

ஆனால் ஒசூனா எவ்வளவு பெரிய ஆட்டக்காரர் என்பதும் அவருடைய அணி எவ்வளவு பெரிய அணி என்பதும் ஒன்றல்ல. 1998இல் ஸ்டான்போர்டின் பாப் பிரையன் ஒற்றையர், இரட்டையர், அணி மூன்றையும் வென்றார். அவர் ஒற்றையர், இரட்டையர் பட்டங்களை எடுக்காமல் போயிருந்தாலும் அந்த அணி 28 ஆட்டங்களில் 28ஐ வென்றது மாறியிருக்காது. நான் கேட்பது ஒன்றே ஒன்று. இனி எங்கே எழுதினாலும் 21 என்று மொட்டையாக எழுதாதீர்கள். 12 + 9 என்று எழுதுங்கள்.

டிரோஜன் குதிரை:
எழுதுகிறேன். நீங்களும் 2 + 15 என்று எழுதுங்கள். அதற்குப் பக்கத்தில், 2000க்குப் பிறகு 0 என்றும் எழுத வேண்டும்.

கோபுரவாசல்:
எழுதுகிறேன்.