மறுமொழி: ‘கிளைமேட் ஸ்கெப்டிக்’ – ஐயவாதியா, மறுப்பாளரா, வேறு சொல் உண்டா?

அன்புள்ள குழும நண்பர்களுக்கு,

வணக்கம். மொழிபெயர்ப்பாளர் அம்மா கேட்ட கேள்விக்கு வந்த மறுமொழிகளை எல்லாம் படித்தேன். கேள்வி இது:

> மனிதர்களால்தான் புவி சூடாகிறது என்பதை ஏற்காதவர்களைக் கட்டுரை முழுக்க ‘ஸ்கெப்டிக்’ என்றே எழுதியிருக்கிறார்கள். நான் ‘காலநிலை ஐயவாதிகள்’ என்று போட்டுவிட்டேன். சரிதானா?

சரியில்லை என்றே எனக்குப் படுகிறது. பிழை அம்மாவுடையது அன்று, மூலத்திலேயே இருக்கிறது. அந்த ஒரு சொல்லுக்காக ஆங்கிலத்தில் பல ஆண்டுகள் சண்டை நடந்தது. அதைத் தெரிந்துகொண்டு தமிழில் சொல் அமைத்தால், அவர்கள் தடுக்கி விழுந்த இடத்தில் நாம் விழ வேண்டியதில்லை.

அமெரிக்காவில் ‘ஸ்கெப்டிக்’ என்று தங்களைப் பெருமையோடு சொல்லிக்கொள்ளும் ஒரு கூட்டம் உண்டு. பேய், சோதிடம், மனத்தால் கரண்டியை வளைப்பது போன்ற உரிமைகோரல்களைச் சோதித்துப் பார்ப்பவர்கள். 1976இல் இதற்கென ஒரு குழுவே அமைத்தார்கள். மந்திரவித்தைக் கலைஞர் ஜேம்ஸ் ராண்டி அவர்களில் புகழ்பெற்றவர். அமானுட ஆற்றலைச் சோதனையில் நிரூபித்தால் 10 லட்சம் டாலர் என்று அறைகூவல் விடுத்தவர். இலங்கையில் பகுத்தறிவாளர் ஆபிரகாம் கோவூர் ஒரு லட்சம் ரூபாய்ப் பந்தயம் வைத்தது நம்மில் பலருக்கு நினைவிருக்கும். அதே மரபு.

2014 நவம்பரில் நியூயார்க் டைம்ஸ் நாளிதழ், செனட்டர் ஜேம்ஸ் இன்ஹோஃபைக் காலநிலை மாற்றத்தின் ‘ஸ்கெப்டிக்’ என்று எழுதியது. புவி சூடாவதைப் பெரும் புரட்டு என்று 2003 முதலே பேசிவந்தவர் அவர். மேற்சொன்ன குழுவைச் சேர்ந்தவர்களுக்கு இது பொறுக்கவில்லை. ‘மறுப்பவர்கள் ஸ்கெப்டிக்குகள் அல்லர்’ என்ற பொருளில் டிசம்பரில் கூட்டறிக்கை விட்டார்கள். தொலைக்காட்சியில் அறிவியல் விளக்கிப் புகழ்பெற்ற பில் நை போன்றோர் கையெழுத்திட்டார்கள். அவர்கள் வாதம் எளிமையானது: சான்று கேட்பவன் வேறு, சான்றைக் கொடுத்த பிறகும் கண்ணை மூடிக்கொள்பவன் வேறு, இருவருக்கும் ஒரே பெயர் வைக்காதீர்கள்.

அடுத்த ஆண்டு செப்டம்பரில் அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் தன் நடைக் கையேட்டைத் திருத்தியது. ‘ஸ்கெப்டிக்’ வேண்டாம், உண்மையான ஸ்கெப்டிக்குகள் வருந்துகிறார்கள். ‘டினையர்’ (மறுப்பவர்) என்பதும் வேண்டாம், யூத இனப்படுகொலையை மறுப்பவர்களுக்கு வழங்கும் சொல்லாதலால் அது வசையாக ஒலிக்கிறது. ‘சந்தேகிப்போர்’ என்றோ ‘அறிவியலின் பொதுமுடிவை ஏற்காதோர்’ என்றோ எழுதுங்கள் என்றது. 2019இல் கார்டியன் இதழ் எதிர்த்திசையில் போய், ‘டினையர்’ என்றே வெளிப்படையாக எழுதச் சொன்னது.

இதில் எனக்கு மிக முக்கியமாகப்படுவது 2009 டிசம்பரில் நடந்தது. ராண்டியே தன் பதிவில், மனிதர்கள்தாம் காரணம் என்பதில் தனக்குத் தயக்கம் இருப்பதாக எழுதினார். மனிதர் வெளியிடும் கரியமில வாயுவால் புவி பேரழிவாகச் சூடாகும் என்பதற்கு நம்பத்தக்க சான்றில்லை என்று சொல்லும், 30,000க்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டதாகச் சொல்லப்படும் ஓரிகன் மனுவைச் சுட்டி, அது சரியாக இருக்கலாம் என்றார். அந்த மனுவில் கையெழுத்திட அறிவியலில் இளநிலைப் பட்டம் இருந்தால் போதும், காலநிலையைப் படித்திருக்க வேண்டியதில்லை. வாழ்நாளெல்லாம் ‘யார் சொன்னார் என்று பார்க்காதே, சான்றைப் பார்’ என்று சொன்ன மனிதர், தலை எண்ணிக்கையைச் சான்றாகக் கொண்டதில் அவரைத் தலைவராக மதித்தவர்களே கொதித்துப்போனார்கள். கடுமையாக மறுத்து எழுதினார்கள். சில நாளில், புவி சூடாவதைத் தான் மறுக்கவில்லை, மனிதரின் பங்கில்தான் தெளிவில்லை என்று ராண்டி விளக்கம் எழுதினார்.

இப்போது சொல்லுங்கள். ராண்டிக்கும் இன்ஹோஃபுக்கும் ஒரே சொல்லா? ‘காலநிலை ஐயவாதி’ என்று போட்டால் இருவரும் ஒரே கூண்டில் நிற்பார்கள்.

இனி நம் மொழிக்கு வருவோம்.

‘ஐயவாதி’ எனக்கு உவப்பில்லை. ‘வாதி’ சேர்ந்தால் ஐயத்தையே கொள்கையாகப் பிடித்துக்கொண்டவர் என்று ஆகிவிடுகிறது. ஐயம் கொள்கையாகாது. அது ஒரு நிலை, தெளிவு வந்ததும் விலக வேண்டியது. கிரேக்க மூலத்திலும் ‘ஸ்கெப்டிகோஸ்’ என்றால் உற்று நோக்கி ஆராய்பவர் என்றே பொருள். அதற்கு மிக நெருங்கிய தமிழ் வேர் ‘தேர்’. தேர்ந்து தெளிதல் என்று நாம் சேர்த்தே சொல்கிறோம். ‘தேர்நர்’ என்று அமைத்துப் பார்த்தேன், மனசே வரவில்லை. தேர்தல், தேர்வு இரண்டும் அந்த வேரை ஓட்டுச்சாவடிக்கும் பரீட்சைக் கூடத்துக்கும் கொண்டுபோய்விட்டன. இழப்புத்தான்.

ஆகவே ஐயத்திலிருந்தே தொடங்கலாம். ‘ஐயுறவாளர்’ என்று பொறியாளர் நண்பர் தந்திருக்கிறார். எழுதிப் பார்க்க நன்றாக இருக்கிறது, வாய்விட்டுப் படித்தால் ‘உறவாளர்’ என்று காதில் விழுகிறது. இயக்குநர், ஓட்டுநர் வரிசையில் ‘ஐயுறுநர்’ என்று வைத்தால் அந்தக் குழப்பம் இல்லை. என் முன்மொழிவு அதுதான்.

‘மறுப்பாளர்’ பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் பெரும்பாலோர் ‘டினையர்’ என்பதற்கு அதையே சொல்லியிருக்கிறீர்கள். தமிழில் மறுப்பு மதிப்புள்ள சொல். நன்னூல் என்ற இலக்கண நூல், நூலாசிரியர் கொள்ளும் நிலைப்பாடுகளான எழுவகை மதத்தில் உடன்படலை அடுத்து மறுத்தலை வைக்கிறது. பிறர் கருத்தைக் காரணம் காட்டி மறுப்பது ஒரு நூலாசிரியனின் நெறிகளில் ஒன்று. கடவுள் மறுப்பாளர் என்று ஊர் நடுவே நெஞ்சை நிமிர்த்திச் சொன்ன தலைமுறையும் நமக்கு உண்டு. மேடையேறி, கேள்வி கேட்டு, பதிலுக்குப் பதில் சொன்னவர்கள். சான்றைக் கண்டும் காணாததுபோல் இருப்பவருக்கு அந்தப் பெயரைத் தூக்கிக் கொடுக்க எனக்கு மனமில்லை.

‘மறுதலித்தல்’ இருக்கிறது. சேவல் கூவுமுன் பேதுரு மூன்று முறை செய்தது அது. அவர் இயேசுவோடு வாதாடவில்லை. கருத்து மாறுபாடும் இல்லை. தெரிந்த ஒருவரைத் தெரியாது என்றார். ‘டினையல்’ என்பதன் உட்பொருள் அச்சாக இதுவே. எக்ஸான் எண்ணெய் நிறுவனத்தின் சொந்த அறிவியலர்கள் 1970களின் பிற்பகுதியிலிருந்தே கரியமில வாயுவால் புவி எவ்வளவு சூடாகும் என்று கணித்துவந்தார்கள். அந்தக் கணிப்புகளை 2023இல் சயன்ஸ் இதழில் ஆய்ந்தவர்கள், அவற்றில் 63 முதல் 83 விழுக்காடு வரை பின்னர் நடந்ததோடு பொருந்துவதாகக் கண்டார்கள். நிறுவனமோ வெளியே பல்லாண்டுகள் ஐயத்தைப் பரப்பிவந்தது. இதை ‘மறுப்பு’ என்றால் சொல் பொய்யாகிறது. ‘மறுதலிப்பு’ பொருந்துகிறது.

“ஐயத்துக்கும் மறுதலிப்புக்கும் எல்லைக்கோடு எங்கே?” என்று கேட்டிருந்த நண்பருக்கு வள்ளுவரைத்தான் காட்ட முடியும்:

தேரான் தெளிவும் தெளிந்தான்கண் ஐயுறவும்
தீரா இடும்பை தரும்.

ஆளைத் தேர்வது பற்றிய குறள் என்பது தெரியும். ஆனால் இரண்டு பிழைகளையும் அருகருகே வைத்த அந்த அமைப்பு நமக்கு வேண்டியது. ஆராயாமல் நம்புவது முதல் பிழை. ஆராய்ந்து தெளிந்த பின்னும் ஐயுறுவது இரண்டாம் பிழை. கோடு தெளிவு வந்த இடத்தில் விழுகிறது.

தெளிவு வந்துவிட்டதா? பன்னாட்டு அரசுகளின் காலநிலைக் குழு ஐபிசிசியின் அறிக்கைகளை வரிசையாகப் பாருங்கள். 1995இல் மனிதத் தாக்கம் புலப்படுகிறது என்ற அளவில்தான் சொன்னார்கள். அண்மைக்கால வெப்பத்தில் பெரும்பங்கு மனிதரால் என்பதற்கு 2001இல் 66 விழுக்காட்டுக்கு மேல் வாய்ப்பு என்றார்கள். 2007இல் 90க்கு மேல். 2013இல் 95க்கு மேல். 2021இல் எண்ணையே விட்டுவிட்டு, மனிதர்கள் வளியையும் கடலையும் நிலத்தையும் சூடாக்கியிருப்பது ஐயத்திற்கிடமற்றது என்றார்கள். கால் நூற்றாண்டு எடுத்துக்கொண்டு, படிப்படியாக ஐயம் கழிந்த வரலாறு இது. இவர்கள்தாம் ஐயுறுநர் என்ற பெயருக்கு முதல் உரிமையாளர்கள் என்பேன்.

‘சூரியன் காரணமாக இருக்கலாமே’ என்பது நல்ல ஐயம். அப்படியானால் வளிமண்டலத்தின் மேலடுக்கும், அதாவது ஓசோன் இருக்கும் அடுக்கும், சேர்ந்து சூடாக வேண்டும். கரியமில வாயு காரணமென்றால் கீழே சூடேறும், மேலே குளிரும். காலநிலை அறிவியலர்கள் மனாபேயும் வெதரால்டும் 1967இலேயே கணித்துச் சொன்னது இது. அளந்தபோது மேலடுக்கு குளிர்ந்திருந்தது. மனாபேக்கு 2021இல் இயற்பியல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. ஐயம், சோதனை, தெளிவு மூன்றும் இருக்கின்றன. இதற்கு மேலும் சூரியனையே சொல்லிக்கொண்டிருந்தால் அது வேறு சொல்லுக்கு உரியது.

அன்புடன்,
குழும உறுப்பினன்

(மறுநாள் எழுதியது)

நண்பர்களே,

நேற்றைய மடலுக்கு வந்த மூன்று தடைகளுக்கு மறுமொழி.

> பத்தாம் வகுப்புக் கணக்கில் ‘தேற்றத்தின் மறுதலை’ படிக்கிறார்கள். மறுதலிப்பு அதோடு குழம்பாதா?

ஆசிரியர் ஐயா சொல்வது நியாயம். ஆனால் மறுதலை பெயர்ச்சொல், எதிர்ப்பக்கம் என்ற பொருளில் உரையாசிரியர்களிடமும் வரும். மறுதலிப்பு வினையிலிருந்து வருவது. ‘காலநிலை’ என்ற அடையும் முன்னே நிற்பதால் குழம்பாது என்று நம்புகிறேன்.

> ஒருவரைப் பெயர் சொல்லி முத்திரை குத்துவது விவாதத்தைக் கெடுக்கும்.

இது என்னை இரவு முழுக்க யோசிக்க வைத்தது. ரிச்சர்ட் முல்லரை எடுத்துக்கொள்ளுங்கள். பெர்க்லியின் இயற்பியலர். வெப்பமானிகள் நகரச் சூட்டில் இருக்கின்றன, வானிலை நிலையங்களைத் தேர்ந்தெடுத்ததில் கோளாறு இருக்கலாம் என்று ஐயுற்றார். 2010இல் தானே ஒரு குழு அமைத்து எல்லாப் பதிவுகளையும் புதிதாகக் கணக்கிட்டார். பணம் தந்தவர்களில் எண்ணெய்த் தொழிலதிபர் சார்லஸ் கோக்கின் அறக்கட்டளையும் உண்டு. முடிவோ, முன்பிருந்த கணக்குகள் சரி என்று வந்தது. 250 ஆண்டுகளில் நிலப்பரப்பு ஏறத்தாழ 1.5 டிகிரி செல்சியஸ் சூடேறியிருக்கிறது, காரணம் ஏறக்குறைய முழுவதும் மனிதர்களே என்று 2012 ஜூலையில் தன் பெயரிலேயே எழுதினார்.

அந்த ஆய்வின் முடிவு தன் கருத்தைப் பொய்யாக்கினாலும் ஏற்பேன் என்று 2011 மார்ச்சில் எழுதியவர் அமெரிக்க வலைப்பதிவர் அந்தோனி வாட்ஸ். நிலையங்களின் தரம் பற்றி நெடுநாள் கேள்வி எழுப்பிவந்தவர். அக்டோபரில் முதல் முடிவுகள் வந்தபோது ஏற்கவில்லை. கட்டுரைகள் இன்னும் சக ஆய்வாளர் மதிப்பீட்டுக்கு உட்படவில்லை, எடுத்துக்கொண்ட காலஅளவு வேறு என்று காரணம் சொன்னார். அவை கேட்கத்தக்க காரணங்களா என்றால், அன்றைக்கு ஓரளவு ஆம் என்றே சொல்வேன். ஆகவே அவரை ஒரே சொல்லில் அடைக்க நானும் தயங்குகிறேன்.

எனவே என் முன்மொழிவைத் திருத்திக்கொள்கிறேன். ஆளுக்குப் பெயராக ‘ஐயுறுநர்’ மட்டும் இருக்கட்டும். மற்றதைச் செயலுக்குப் பெயராக, ‘காலநிலை மறுதலிப்பு’ என்று மட்டும் வைப்போம். ‘மறுதலிப்பாளர்’ நம் பட்டியலில் வேண்டாம். ஒரே ஆள் காலையில் ஐயுற்று மாலையில் மறுதலிக்கலாம், மறுநாள் தெளியலாம்.

என் மாமா ஒருவர், “எங்க காலத்திலயும்தான் வெயில் மண்டையப் பொளந்துது” என்று சொல்லிக்கொண்டே இருப்பார். அவர் இரண்டிலும் சேரமாட்டார். யாரும் உட்கார்ந்து விளக்கியதில்லை, அவ்வளவுதான். அவரை ‘இன்னும் ஏற்காதவர்’ என்று பச்சைத் தமிழில் எழுதினால் போதும்.

> ‘புவி வெப்பமயமாதல்’ என்று ஊரே எழுதுகிறது. அதையும் மாற்ற வேண்டுமா?

மாற்றினால் மகிழ்வேன். ‘மயம்’ எதற்கு? அதைவிடப் பெரிய குறை ‘ஆதல்’. தானாக நிகழ்வது போல் ஒலிக்கிறது. பனி உருகுகிறது என்பதற்கும் பனியை உருக்குகிறோம் என்பதற்கும் உள்ள வேறுபாட்டை ஒரு வல்லெழுத்தை இரட்டிப்பதாலேயே காட்டும் மொழி நம்முடையது. சூடாதல் தன்வினை, சூடாக்கல் பிறவினை. வெப்பமானி காட்டுவது புவி சூடாதல். மனிதர் செய்தது புவி சூடாக்கம். ஆங்கிலத்தில் ‘மனிதர்களால் விளைந்த’ என்று நீட்டி எழுதும் அடையை நம் ‘க்’ ஒன்றே சுமந்துவிடுகிறது. ராண்டியின் நிலையை ஒரு வரியில் எழுதிப் பாருங்கள்: புவி சூடாதலை ஏற்றார், சூடாக்கத்தில் ஐயுற்றார்.

அம்மாவின் கட்டுரையில் இரண்டாம் பத்தித் தொடக்கத்தை இப்படி மாற்றலாம் என்று நினைக்கிறேன்: “புவி சூடாக்கத்தை இன்னும் ஏற்காதவர்களில் ஐயுறுநரும் உண்டு, ஆனால் இங்கே பேசப்படுவது காலநிலை மறுதலிப்பு.” மூலத்தில் ‘ஸ்கெப்டிக்’ வருகிற ஒவ்வோர் இடத்திலும் ஆள் யார், என்ன சொன்னார் என்று பார்த்தே சொல்லைத் தேர வேண்டியிருக்கும். வேலை கூடும்தான். அம்மா அந்த வரிகளை அனுப்பினால் ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து நானும் கூடப் பார்க்கிறேன்.