குளிர்ந்துபோன குட்டிக்கு உடனே பால் பருக்காதீங்க

எங்கட வளவு மட்டக்களப்பு வவுணதீவுப் பக்கம், ஆறேழு மறி ஆடு நிக்குது. மார்கழியில மூண்டு நாளா விடாத மழை, விடியச்சாமம் நாலு மணியிருக்கும், கொட்டில்ல சத்தம் கேட்டு டோர்ச்சோட ஓடினன். கறுத்த மறி ரெண்டு குட்டி போட்டிருக்கு, பெரிசு எழும்பி முலை தேடித் திரியுது, சின்னன் ஒழுக்குத் தண்ணிக்குள்ள கிடக்கு, தாய் அத நக்கக்கூட இல்ல. தூக்கினா கழுத்து தொங்குது. வாய்க்குள்ள விரல விட்டுப் பாத்தன், நாக்கு சில்லெண்டு கிடக்கு, உறிஞ்சவும் இல்ல.

போன வருஷம் இப்பிடி ஒரு குட்டிக்கு பதறிப்போய் கடும்புப்பால (குட்டி போட்டதும் சுரக்கிற முதல் பால்) சிறிஞ்சால பருக்கிவிட்டு, மூக்கால பால் வந்து என்ட மடியிலயே செத்துப்போச்சு. இன்னும் மனசுக்க கிடக்கு அது. பிறகுதான் மிருக வைத்தியர் சொன்னார், உடம்பு குளிர்ந்தா குட்டியால சரியா விழுங்கவும் ஏலாது குடலும் வேலை செய்யாது, பால் நுரையீரலுக்க போயிரும், முதல்ல சூடு, பிறகுதான் பால் எண்டு.

அதால இந்தமுறை முதல்ல துவாயால நல்லா தேய்ச்சுத் துடைச்சன். தேர்மாமீட்டர பின்பக்கத்தால வெச்சா 35.8 காட்டுது, ஆட்டுக்கு 39 கிட்ட இருக்கோணும். கரண்டும் இல்ல. ரெண்டு சோடாப் போத்தல்ல சுடுதண்ணி விட்டு, நேரா வெச்சா தோல் வெந்திரும் எண்டு பழைய சாரத்தால சுத்தி, ரெஜிபோம் பெட்டிக்குள்ள குட்டிக்கு ரெண்டு பக்கமும் வெச்சு மூடிய திறந்தே விட்டன். பக்கத்து வீட்டு மாமி வந்து பாத்திட்டு "விடு மகள், அது போற சீவன்" எண்டா, சொல்லிப்போட்டு அவவே அடுப்ப மூட்டி அடுத்த பானைத் தண்ணிய வெச்சா.

ஆறரைக்குத்தான் 38 தாண்டிச்சு. காது ரெண்டும் ஆடிச்சு, விரல வெச்சா இழுத்து உறிஞ்சுது! உடனே தாயிட கடும்பக் கறந்து சூப்பிப் போத்தல்ல 30 மில்லி குடுத்தன், குட்டிய மல்லாத்தாம நாலு காலும் கீழ இருக்கிற மாதிரி பிடிச்சுத்தான் குடுக்கோணும். ஒண்டரைக் கிலோதான் நிறை, அதுக்கு முதல் நாளைக்கு 150 மில்லியாவது போகோணும், ரெண்டு மூண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா குடுத்தன். குடிக்கக்குள்ள வால் படபடவெண்டு அடிச்சதப் பாத்து மாமி அழுதிட்டா. தொப்புளுக்கு அயடீனும் போட்டன்.

மூண்டு நாலு கிழமையில கழிச்சல் வந்திச்சு. பால நிப்பாட்டாம, கொதிச்சாறின 1 லீட்டர் தண்ணியில ஒரு பைக்கட் ஜீவனி (வயித்தோட்டத்துக்குக் கரைச்சுக் குடிக்கிற உப்பு-குளுக்கோஸ் தூள்) கரைச்சு இடைக்கிடை குடுத்தன், ஆனா ரத்தம் கலந்து போகத் தொடங்கினதும் கழிச்சல ஒரு போத்தல்ல எடுத்துக்கொண்டு வைத்தியரிட்ட போனம். கொக்சிடியா எண்டார், குடலுக்க இருக்கிற ஒரு ஒட்டுண்ணி, ஈரமும் எருவுமாக் கிடக்கிற கொட்டில்ல பரவுமாம், மருந்து தந்தார், அதோட நிண்டுட்டு. இப்ப ஒழுக்கு அடைச்சு, தரைய விட்டு உயர்த்தி இடைவெளி விட்ட பலகைத்தட்டு போட்டாச்சு.

தாய் இன்னும் அதக் கிட்ட எடுக்கேல்ல. பின்னேரத்தில வேலியத் தாண்டிப்போய் மாமிட சீலைத் தலைப்பச் சூப்பிக்கொண்டு நிக்குது.